மெல்லக் கற்கும் கம்ப்யூட்டரும் ஒரு வாத்தியாரும்



கொஞ்சம் நீளமான பதிவு. நேரம் இருக்கும்போது படியுங்கள். "சார், சாயங்கால வகுப்பு என்ன ஆச்சு, நிறுத்திட்டீங்களா?" என்று நாலைந்து பேர் கேட்டிருந்தீர்கள். நிறுத்தவில்லை. நிறுத்தும் நிலைக்குப் போய்த் திரும்பி வந்திருக்கிறேன். அந்தக் கதையைச் சொன்னால் உங்களில் சிலருக்குப் பணம் மிச்சமாகும், சிலருக்கு மனசு மிச்சமாகும் என்பதால் எழுதுகிறேன்.

புதியவர்களுக்காக ஒரு வரி. பேராவூரணிப் பக்கம் கடைமடைக் கிராமத்தில் நான் கடைசியாக வேலை பார்த்த ஊராட்சி ஒன்றிய நடுநிலைப் பள்ளியின் எட்டாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு, வாரம் 5 நாள், மாலை 6.30 முதல் 7.30 வரை பட்டுக்கோட்டையில் என் வீட்டிலிருந்தே கம்ப்யூட்டர் வழியாகக் கணக்குச் சொல்லித் தருகிறேன். தேசிய வருவாய் வழி மற்றும் திறன் படிப்புதவித் தேர்வுக்கு, அதாவது நம் பேச்சில் என்எம்எம்எஸ் பரீட்சைக்கு. தேர்ச்சி பெற்றுத் தேர்வாகும் பிள்ளைக்கு ஒன்பதாம் வகுப்பு முதல் பன்னிரண்டாம் வகுப்பு வரை வருடத்துக்கு 12,000 ரூபாய். 4 வருடத்துக்கு 48,000. கூலி வேலைக்குப் போகும் வீட்டில் ஒரு பெண் பிள்ளையைப் பன்னிரண்டு வரை படிக்க வைப்பதா, பத்தோடு நிறுத்துவதா என்பதை இந்தப் பணம் தீர்மானித்ததை நான் கண்ணால் பார்த்திருக்கிறேன்.

இந்த வருடம் 11 பிள்ளைகள். ஆயுத பூஜைக்கு வீட்டை ஒட்டடை அடித்து, கூடத்தில் இருந்த பீரோவை இடம் மாற்றி, கம்ப்யூட்டருக்குச் சந்தனம் குங்குமம் வைத்துக் கும்பிட்டோம். விடுமுறை முடிந்து வகுப்பைத் தொடங்கிய முதல் நாளே தகராறு. என் திரையில் பிள்ளைகளின் முகம் உறைந்து நின்றது. "சார், கேக்கல சார்", "சார், பாதி பாதியா வருது சார்" என்று ஆளாளுக்குச் சத்தம். நான் என்ன நினைத்தேன்? கிராமம், பழைய போன், டவர் கிடைக்காத வீடு. கோளாறு அந்தப் பக்கம்தான் என்று முடிவே கட்டிவிட்டேன். என் வீட்டில் ஃபைபர் இணைப்பு. 100 எம்பிபிஎஸ் திட்டத்துக்கு மாதாமாதம் தவறாமல் பணம் கட்டுகிறேன். அதோடு, என் கம்ப்யூட்டருக்கு வைஃபைகூட இல்லை, நேரடி வயர். வயரில் வருவது எப்படித் தடைபடும் என்பது என் நினைப்பு. ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம்.

வகுப்பில் ஒரு பெண் பிள்ளை. அம்மா திருப்பூரில் பனியன் கம்பெனியில். பாட்டியிடம் வளர்கிறாள். பக்கத்து வீட்டு அக்காவின் போனைக் கேட்டு வாங்கித்தான் வகுப்புக்கு வருவாள். இரண்டாவது வாரம் அவள், "சார், எங்க எல்லாருக்கும் ஒரே நேரத்துல கட் ஆகுது சார். உங்க பக்கம்தான் ஏதோ இருக்கு" என்றாள்.

எனக்குக் கோபம் வந்துவிட்டது. "படிக்க மனசு இல்லாதவங்களுக்கு நெட்டு ஒரு சாக்கு" என்று சொல்லிவிட்டேன். எல்லாப் பிள்ளைகளும் கேட்க. அந்த ஒரு வாக்கியம் மட்டும் விட்டுப்போகாமல் தெளிவாகப் போய்ச் சேர்ந்தது போலும். மறுநாளிலிருந்து அவள் வரவில்லை.

பாருங்கள், அந்தப் பிள்ளை சொன்னதில் எவ்வளவு சரியான தர்க்கம் இருக்கிறது. 11 பேர் 11 வீட்டில், வேறு வேறு போனில் இருக்கிறார்கள். எல்லோருக்கும் ஒரே விநாடியில் அறுந்தால், கோளாறு எல்லோருக்கும் பொதுவான இடத்தில்தான் இருக்க வேண்டும். பொதுவான இடம் நான். எட்டாம் வகுப்புப் பிள்ளைக்குத் தெரிந்தது, 36 வருடம் சாக்பீஸ் பிடித்த எனக்குத் தெரியவில்லை.

பிறகு நான் வைத்தியம் பார்க்க ஆரம்பித்தேன். பெங்களூரில் இருக்கும் மகனுக்குப் போன் போட்டேன். "ரூட்டரை ஆஃப் பண்ணி ஆன் பண்ணுங்கப்பா" என்றான். செய்தேன். பலனில்லை. இணைப்புக் கொடுத்த நிறுவனத்தின் பையன் வந்தான். தன் போனை வைஃபையில் போட்டுப் பார்த்தான். "லைன் நல்லா இருக்கு சார். 200 பிளானுக்கு மாறிக்கிட்டீங்கன்னா சரியாயிடும்" என்றான். கம்ப்யூட்டர் கடைக்காரர் கோபுரத்தைத் தூக்கி வரச் சொல்லிப் பார்த்துவிட்டு, "ரொம்பப் பழசு சார். இதுல இதுக்கு மேல வராது. புதுசு 42,000 ஆகும்" என்றார். 42,000! ஒரு பிள்ளைக்கு 4 வருடம் கிடைக்கும் உதவித்தொகையில் முக்கால் பங்குக்கும் மேல். இருந்தும் நான் சரி என்றுதான் சொல்லியிருப்பேன். வயசான காலத்தில் நமக்கு எதற்கு இந்த வேலை, நிறுத்திவிடலாம் என்ற எண்ணமும் கூடவே வந்தது.

அந்த நேரத்தில்தான் என்னிடம் ஐந்தாம் வகுப்பு படித்த ஒருவன், இப்போது ஒரு கல்லூரியில் நெட்வொர்க் வேலை பார்ப்பவன், தீபாவளி வாழ்த்துச் சொல்லப் போன் செய்தான். பேச்சுவாக்கில் புலம்பினேன். அவன் ஆலோசனை எதுவும் சொல்லவில்லை. கேள்விதான் கேட்டான்.

"சார், உங்க போன்ல, வைஃபையில ஸ்பீடு டெஸ்ட் போட்டா எவ்வளவு வருது?"

போட்டேன். 92.

"அதே இடத்துல வயர் போட்ட கம்ப்யூட்டர்ல?"

போட்டேன். இறக்கம் 6, ஏற்றம் ஒன்றுக்கும் கீழே.

"அப்ப கோளாறு தெருவுல இல்ல சார். உங்க கூடத்துக்குள்ளதான் இருக்கு. ரூட்டருக்கும் கம்ப்யூட்டருக்கும் நடுவுல."

அரை நிமிடம். நிறுவனமும் வேண்டாம், பெரிய திட்டமும் வேண்டாம் என்று ஆகிவிட்டது. "எப்படிடா இவ்வளவு சுலபமாப் புடிச்ச?" என்றேன். அவன் சொன்னதுதான் இந்தப் பதிவை எழுத வைத்தது. "நீங்க சொல்லிக் குடுத்ததுதான் சார். கணக்கு தப்பா வந்தா சிலேட்டு முழுசையும் எச்சில் தொட்டு அழிக்காதே, எந்த வரியில தப்புன்னு முதல்ல பாருன்னு சொல்வீங்களே."

சொல்லியிருக்கிறேன். ஆயிரம் தடவை சொல்லியிருக்கிறேன். ஆனால் என் வீட்டுக் கணக்கில் நான் சிலேட்டையே மாற்றக் கிளம்பியிருந்தேன்.

நம் டெல்டாக்காரர்களுக்கு இது புரியாத விஷயமே இல்லை. மேட்டூரில் ஜூன் 12 திறந்துவிட்டார்கள், கல்லணையிலும் திறந்தாயிற்று, ஆனால் என் வயலுக்குத் தண்ணீர் வரவில்லை என்றால் விவசாயி என்ன செய்வார்? மேட்டூரில் இன்னும் கூடத் திறக்கச் சொல்லி மனுக் கொடுப்பதற்கு முன், வாய்க்கால் கரையோடு நடந்து போய்ப் பார்ப்பார். ஆற்றில் இருக்கிறதா, கிளை வாய்க்காலில் இருக்கிறதா, எந்த மதகடியில் குறைகிறது என்று பார்ப்பார். குறையும் இடத்தில் மண்வெட்டியைப் போடுவார். இணையமும் அப்படித்தான். நிறுவனத்தின் நிலையம் மேட்டூர். தெருவில் வரும் ஃபைபர் ஆறு. வீட்டுப் பெட்டி மதகு. அதிலிருந்து கம்ப்யூட்டருக்கு வரும் வயர் வயல் வாய்க்கால். என் வாய்க்காலில் கல் விழுந்து கிடக்க, அந்தப் பையன் மேட்டூரில் இரண்டு மடங்கு திறக்கச் சொன்னான். கடைக்காரர் வயலையே மாற்றச் சொன்னார்.

அடுத்து அவன் என்னை எங்கே பார்க்கச் சொன்னான் என்பதைக் கவனமாகப் படியுங்கள். விண்டோஸில் கண்ட்ரோல் பேனலைத் திறந்து, நெட்வொர்க் அண்ட் ஷேரிங் சென்டர் போய், அங்கே நீல நிறத்தில் ஈதர்நெட் என்று இருப்பதைச் சொடுக்கினால் ஒரு சின்னப் பெட்டி திறக்கும். அதில் ஸ்பீடு என்று ஒரு வரி. இது நிறுவனம் தரும் வேகம் அல்ல. கம்ப்யூட்டரும் ரூட்டரும் இந்த வயரில் எந்த வேகத்தில் பேசிக்கொள்ள ஒப்பந்தம் செய்துகொண்டன என்பதற்கான எண். வழக்கமாக 1.0 ஜிபிபிஎஸ் அல்லது 100.0 எம்பிபிஎஸ் என்று இருக்கும். என்னுடையதில் 10.0 எம்பிபிஎஸ் என்று இருந்தது. வாய்க்காலின் கொள்ளளவே 10. இதில் 200 திட்டத்துக்கு மாறியிருந்தால் பணம்தான் கூடுதலாக ஓடியிருக்கும்.

பிறகு கமாண்ட் பிராம்ப்ட்டில் பிங் என்ற கட்டளையால் என் சொந்த ரூட்டரை 100 முறை கூப்பிட வைத்தான். வகுப்பில் வருகைப் பதிவு எடுப்பது மாதிரி. இங்கிருந்து ஒரு குரல் போகும், அங்கிருந்து 'உள்ளேன் ஐயா' வர வேண்டும். நல்ல வயராக இருந்தால் நூற்றுக்கு நூறு பதில், அதுவும் ஒரு மில்லி விநாடிக்குள் வர வேண்டும். எனக்கு 88 பதில்தான் வந்தது. எட்டடி தூரத்தில், ஒரே கூடத்துக்குள், நூற்றில் 12 குரல் தொலைந்து போகிறது! பேச்சுக்கு அதிக வேகம் தேவையில்லை பிள்ளைகளே, ஆனால் அது இடைவிடாமல் போக வேண்டும். என் பாடத்தில் நூற்றில் 12 துண்டு என் வீட்டுக் கூடத்தைத் தாண்டவே இல்லை. விகிதச் சமம் நடத்தினேன்; பிள்ளைகளுக்கு விகிதம் மட்டும் போயிருக்கும்.

"வயரைக் கையால தடவிக்கிட்டே போங்க சார்" என்றான். தடவிக்கொண்டே போனேன். பீரோவின் பின்னங்கால் வயர் மேல் உட்கார்ந்திருந்தது. ஆயுத பூஜைக்கு நாங்களே தூக்கி வைத்த பீரோ. கருவிக்குப் பொட்டு வைத்துக் கும்பிட்ட கையோடு, அதன் கழுத்தில் பீரோவை வைத்திருக்கிறோம்.

அந்த வயருக்குள் என்ன இருக்கிறது என்பதும் தெரிந்துகொள்ள வேண்டியதுதான். எட்டு மெல்லிய கம்பிகள், இரண்டிரண்டாக முறுக்கி நாலு ஜோடி. இரண்டு கம்பியை முறுக்கினால் வெளியிலிருந்து வரும் மின் இரைச்சல் ஒன்றையொன்று ஈடு செய்து அடங்கிவிடும். இந்த யோசனைக்கு 1881-இலேயே காப்புரிமை வாங்கியவர் தொலைபேசி புகழ் கிரகாம் பெல். கம்ப்யூட்டர்களை வயரில் இணைக்கும் ஈதர்நெட் முறை 1973-இல் அமெரிக்காவில் ஜெராக்ஸ் நிறுவனத்தின் ஆராய்ச்சி மையத்தில் ராபர்ட் மெட்காஃபும் அவருடைய சகாக்களும் உருவாக்கியது. 100 எம்பிபிஎஸ் வேகத்துக்கு நாலு ஜோடியில் இரண்டு ஜோடி போதும். 1000-க்கு நாலு ஜோடியும் நன்றாக இருக்க வேண்டும். வயர் நசுங்கினாலோ, எலி கடித்தாலோ, முனையில் ஒரு கம்பி சரியாகப் பதியாவிட்டாலோ பல நேரம் இணைப்பு அறுந்து போகாது. வேகத்தைக் குறைத்துக்கொண்டு சமாளிக்கும். இதுதான் ஏமாற்று. முழுதாக அறுந்தால் உடனே தெரிந்துவிடும். பாதி உயிரோடு இருப்பதால் நாம் ஊரையெல்லாம் சந்தேகப்படுகிறோம்.

பஜாருக்குப் போய் 3 மீட்டர் கேட் 6 வயர் ஒன்று வாங்கி வந்தேன். 180 ரூபாய். மாட்டினேன். ஸ்பீடு வரியில் 1.0 ஜிபிபிஎஸ். சோதித்தால் 96. பிங் நூற்றுக்கு நூறு. மூட்டைப்பூச்சிக்குப் பயந்து வீட்டைக் கொளுத்தப் போனவன் பாயை மட்டும் உதறிப் போட்டு வந்து படுத்தேன்.

இனி என் கருத்து. வீட்டில் இணையம் மெதுவானால் எதையும் வாங்குவதற்கு முன், யாரையும் திட்டுவதற்கு முன், ஐந்து கேள்வி கேளுங்கள். வரிசையாக, ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றி. இரண்டை ஒன்றாக மாற்றினால் எது சரி செய்தது என்று தெரியாது.

முதல் கேள்வி: எல்லாக் கருவியிலும் மெதுவா, ஒன்றில் மட்டுமா? போனில் வேகமாகவும் கம்ப்யூட்டரில் மெதுவாகவும் இருந்தால் கோளாறு வீட்டுக்குள். வயர் போட்ட கம்ப்யூட்டரிலேயே மெதுவாக இருந்து, போனிலும் மெதுவாக இருந்தால்தான் பெட்டியையோ வெளி லைனையோ சந்தேகப்பட வேண்டும்.

இரண்டாவது: எப்போதும் மெதுவா, ஒரு நேரத்தில் மட்டுமா? காலை 6 மணிக்கும் இரவு 9 மணிக்கும் சோதித்து நோட்டில் எழுதுங்கள். காலையில் நன்றாக இருந்து இரவில் மட்டும் படுத்தால், ஒன்று தெருவே ஒரே நேரத்தில் படம் பார்க்கிறது, அல்லது உங்கள் வீட்டிலேயே யாரோ இழுக்கிறார்கள். மாதக் கடைசியில் மட்டும் மெதுவானால் திட்டத்தின் டேட்டா வரம்பு முடிந்திருக்கிறதா என்று பாருங்கள். வரம்பு தாண்டியதும் வேகத்தைக் குறைப்பது பல திட்டங்களின் நிபந்தனை.

மூன்றாவது: வயரின் ஒப்பந்த வேகம் என்ன? நான் மேலே சொன்ன அதே வரி. திருச்சியில் இருக்கும் என் மச்சினர், "300 பிளான் மாப்ள, ஆனா கம்ப்யூட்டர்ல 94-க்கு மேல ஏறவே மாட்டேங்குது" என்று ஒரு வருடமாகப் புலம்பிக்கொண்டிருந்தார். அந்த 94 என்ற எண்ணே சாட்சி. 100 எம்பிபிஎஸ் ஒப்பந்தத்தில், விலாசம் எழுதும் உறைக்கான இடம் போக, நம் கைக்கு வருவது 94, 95 அளவுதான். அவர் வயரின் முனையில் ஒரு கம்பி பதியவில்லை. முனையை மாற்றியதும் 300-ஐத் தொட்டது. எல்லா இடத்திலும் வயர்தான் காரணம் என்று சொல்ல மாட்டேன். சில மலிவான பெட்டிகளிலும் பழைய கம்ப்யூட்டர்களிலும் இருக்கும் துளையே 100-க்கு மேல் போகாது. வயரை வேறு துளையில் மாற்றிச் செருகிப் பார்த்தால் தெரிந்துவிடும்.

நான்காவது: கம்ப்யூட்டருக்குள் யார் குடிக்கிறார்கள்? டாஸ்க் மேனேஜரைத் திறந்து நெட்வொர்க் என்ற பத்தியைச் சொடுக்கினால் அதிகம் இழுப்பவர் மேலே வந்து நிற்பார். விண்டோஸ் அப்டேட்டாக இருக்கலாம். கல்யாண போட்டோ 2,000-ஐயும் மேகத்துக்கு ஏற்றிக்கொண்டிருக்கும் சேமிப்பு நிரலாக இருக்கலாம். ஏற்றம் அடைத்துக்கொண்டால் இறக்கமும் திணறும். வந்து சேர்ந்தது என்ற பதில் சீட்டு மேலே போனால்தான் அடுத்தது வரும் என்பதால். அது முடியும் வரை பொறுத்தாலே போதும்.

ஐந்தாவது: யாராவது அமைப்பில் கை வைத்தார்களா? என் தம்பி வீட்டில் ஒரு மெக்கானிக் வந்து "ஸ்பீடு ஏத்தி விட்டிருக்கேன்" என்று சொல்லிக் காசு வாங்கிப் போனார். அன்றிலிருந்து பக்கம் திறக்கும், படம் இறங்காது. பார்த்தால், ஈதர்நெட் அமைப்பில் ஸ்பீடு அண்ட் டூப்ளெக்ஸ் என்ற இடத்தில் 100, ஃபுல் டூப்ளெக்ஸ் என்று கையால் கட்டிவைத்திருக்கிறார். இரண்டு பக்கமும் தானாகப் பேசி முடிவெடுக்க வேண்டிய விஷயம் அது. ஒரு பக்கம் பேச மறுத்தால், மறுபக்கம் ஹாஃப் டூப்ளெக்ஸ் என்று எடுத்துக்கொள்ளும். ஒரு வண்டி போகிற வாய்க்கால் பாலத்தில் இந்தக் கரைக்காரர் எதிரே வருவதைப் பார்க்காமல் விடுகிறார், அந்தக் கரைக்காரர் ஒவ்வொன்றாக விடுகிறார் என்றால் நடுவில் மோதல்தானே? அதை ஆட்டோ நெகோஷியேஷன் என்று திருப்பி வைத்ததும் சரியானது.

இன்னொரு சின்னக் கணக்கு, நிறைய பேர் தவறுவது. திட்டத்தில் போட்டிருப்பது மெகா பிட். ஃபைல் இறங்கும்போது பல நேரம் திரையில் காட்டுவது மெகா பைட். 8 பிட் சேர்ந்தது ஒரு பைட். ஆகவே 100 திட்டத்தில் 11, 12 என்று காட்டினால் சரியாகத்தான் வருகிறது. நூறு கேட்டேன், பன்னிரண்டு தருகிறான் என்று சண்டைக்குப் போகாதீர்கள். வாத்தியார் மானம் போகும்.

கோளாறு உண்மையிலேயே நிறுவனத்தின் பக்கம் இருந்தால்? அப்போதும் இந்த நோட்டுதான் ஆயுதம். நம் நாட்டில் பிராட்பேண்ட் என்று சொல்லிக்கொள்ளத் தேவையான குறைந்தபட்ச வேகமே 2023 ஜனவரியில்தான் 512 கேபிபிஎஸ்ஸிலிருந்து 2 எம்பிபிஎஸ்ஸாக உயர்ந்தது. சட்டத்தின் அடிக்கோடு அவ்வளவு கீழே இருக்கும்போது, "ஸ்லோவா இருக்கு" என்ற புகாரை யார் மதிப்பார்கள்? "வயரில் நேரடியாக இணைத்த கம்ப்யூட்டரில், ஒப்பந்த வேகம் 1 ஜிபிபிஎஸ் இருக்கும்போது, இந்தத் தேதிகளில் இந்த நேரத்தில் 100-க்கு 8 தான் வந்தது" என்று எழுதிக் கொடுங்கள். அதை அவ்வளவு சுலபமாகத் தட்டிக்கழிக்க முடியாது.

கடைக்காரரையும் அந்தப் பையனையும் நான் கெட்டவர்கள் என்று சொல்லவில்லை. கடைக்காரர் சொன்னதில் ஒரு பாதி நியாயமும் உண்டு. என் கம்ப்யூட்டரில் இருப்பது விண்டோஸ் 10. அதற்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14-உடன் முடிந்துவிட்டது. பாதுகாப்பை நினைத்து ஒருநாள் நான் மாற்றத்தான் வேண்டும். ஆனால் அது வேறு கணக்கு, இது வேறு கணக்கு. ஒரு கேள்விக்கு இன்னொரு கேள்வியின் விடையை எழுதினால் நான் மதிப்பெண் போட்டதில்லை. நான் கேட்பதெல்லாம், "பழசு" என்று தீர்ப்புச் சொல்வதற்கு முன் எந்த எண்ணைப் பார்த்துச் சொல்கிறீர்கள் என்று காட்டுங்கள் என்பதுதான். காட்டாவிட்டால் அடுத்தவரிடம் கேட்கும் உரிமை நமக்கு உண்டு. கேட்பதில் வெட்கம் என்ன?

வெளியூரில் இருக்கும் பிள்ளைகளுக்கும் ஒரு வார்த்தை. என் மகனும் இதைப் படிப்பான், கோபித்துக்கொள்ளட்டும். "ஆஃப் பண்ணி ஆன் பண்ணுங்கப்பா" என்பது தவறான யோசனை இல்லை. ஒரு தடவை செய்து பார்க்க வேண்டியதுதான். ஆனால் தினமும் அதைச் செய்தால்தான் ஓடுகிறது என்றால், கோளாறு அப்படியே இருக்கிறது என்று பொருள். அடுத்த முறை ஊருக்கு வரும்போது அரை மணி நேரம் அம்மா, அப்பா பக்கத்தில் உட்கார்ந்து, நீங்கள் மவுஸைத் தொடாமல், அவர்கள் கையாலேயே அந்த ஸ்பீடு வரியைப் பார்க்க வையுங்கள். உங்களுக்கு அ எழுதப் பழக்கியபோது நாங்களும் உங்கள் கையைப் பிடித்துத்தானே எழுத வைத்தோம்?

கடைசியாக, என் மனதில் உறுத்திக்கொண்டிருப்பது.

பள்ளிக்கூடத்தில் 'மெல்லக் கற்கும் மாணவர்' என்று ஒரு பட்டியல் எழுதுவோம். நானும் வருடா வருடம் எழுதியிருக்கிறேன். இப்போது அந்தப் பட்டியல்களை நினைத்துப் பார்க்கிறேன். அதில் எத்தனை பிள்ளைகளுக்குக் கண்ணாடி தேவைப்பட்டது? எத்தனை பேர் காலையில் சாப்பிடாமல் வந்தார்கள்? எத்தனை பேருக்கு மூன்றாம் வகுப்பில் கடன் வாங்கிக் கழித்தல் புரியாமல் போய், எட்டாம் வகுப்பு வரை அந்த ஒரு கல் வாய்க்காலில் கிடந்தது? சிலரைக் கண்டுபிடித்தேன். பலருக்கு "மெதுவு" என்று மட்டும் எழுதிக் கையெழுத்துப் போட்டுவிட்டேன். எந்த வரியில் தப்பு என்று பார்க்கவில்லை. உங்களில் யாராவது அந்தப் பட்டியலில் இருந்திருந்தால், இந்த வாத்தியாரை மன்னியுங்கள்.

வயர் மாற்றிய அன்றே அந்தப் பெண் பிள்ளையின் பக்கத்து வீட்டுப் போனுக்குக் கூப்பிட்டேன். பாட்டிதான் முதலில் எடுத்தார். "பிள்ளை வரமாட்டேங்குதுய்யா, என்னன்னு சொல்லவும் மாட்டேங்குது" என்றார். பிள்ளையிடம் கொடுக்கச் சொன்னேன். "நீ சொன்னதுதாம்மா சரி. கோளாறு என் வீட்டுலதான் இருந்துச்சு. சார் தப்பாப் பேசிட்டேன்" என்றேன். கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. லைன் மறுபடியும் போய்விட்டதோ என்றுகூட நினைத்தேன்.

பிறகு, "பரவால்ல சார். விகிதச் சமம் மறுபடி முதல்லேர்ந்து நடத்துவீங்களா?" என்றாள்.

நடத்தினேன். அன்று மாலை வகுப்பில் எல்லாப் பிள்ளைகள் முன்பும் அதே மன்னிப்பைக் கேட்டுவிட்டுத்தான் முதல் கணக்கைப் போட்டேன். திட்டியது எல்லோர் முன்பும் என்றால் மன்னிப்பும் எல்லோர் முன்புதான். 11 பேரும் இருந்தார்கள். 11 பேருக்கும் கேட்டது.

உங்கள் வீட்டு வயர் மேல் ஏதாவது பீரோ உட்கார்ந்திருக்கிறதா என்று இன்றைக்கே ஒரு தடவை குனிந்து பாருங்கள். ஸ்பீடு வரியில் என்ன எண் வந்தது என்று கமெண்டில் எழுதுங்கள். எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன். தெரியாததை அந்த ஐந்தாம் வகுப்புக்காரனிடம் கேட்டுச் சொல்கிறேன்.

வாழ்க வளமுடன்.

அன்புடன்,
உங்கள் கணக்கு வாத்தியார்